மிச்சம் ஏழு

சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. ஈரத் துணிதான். திருமங்கலத்தில் என் அப்பா பள்ளிக்கூடம் வைத்திருந்தார். நாற்பது பிள்ளைகள் எச்சிலால் அழித்து அழித்து அந்தக் கூடமே ஒரு வாடை அடிக்கும். அதில் வந்த அருவருப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

நான் பேசவேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் எனக்கே எதிராகத் திரும்பும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள் ஐயா. மாஜிஸ்திரேட்டாக இருப்பவர் ஒரு தடவை சொன்னாலே போதும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மூளையும் சரியாகத்தான் இருக்கிறது. பதின்மூன்றை ஏழால் பெருக்கச் சொன்னீர்கள், தொண்ணூற்றொன்று என்றேன். உங்கள் மேஜை மேல் கிடக்கிற வழக்குக் கட்டின் நம்பரை மூன்று வகுக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம், மன்னிக்கவேண்டும்.

குமாஸ்தா தம்பி என் புருஷன் பெயரைக் கேட்டார். அதை நான் வாயால் சொல்லக்கூடாது. முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அவர் இல்லை என்பதற்காக மரியாதையை விட்டுவிட முடியுமா. அந்தக் காகிதத்தில் இருக்கிறது பாருங்கள். 'சோணைமுத்துவா?' ஆமாம், அதுதான். நீங்களே படித்துவிட்டீர்கள், நல்லது. கீழவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார். என் பெயர் தங்கப்பொண்ணு. அதை நான் சொல்லலாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விஷயம் ஓர் எண்ணைப் பற்றியது. ஒன்று என்று ஒரே வரியில் பதினேழு தரம் எழுதுங்கள். நடுவில் இடம் விடவேண்டாம். அம்புட்டுத்தான். வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்கும். அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் 'பதினேழு ஒண்ணு' என்று பெயர்.

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில், அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பையன் நூற்றுப்பதினொன்றை எதுவும் வகுக்காது என்று எழுதியிருந்தான். மூன்று வகுக்கும், முப்பத்தேழு தரம். தப்புப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கிறவர் எடுக்கவில்லை. தாளின் ஓரத்தில் ஒன்று ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். ஐந்து ஒன்றுகளை நாற்பத்தொன்று வகுத்துவிட்டது. ஏழு ஒன்றுகளை இருநூற்று முப்பத்தொன்பது. பதினொரு ஒன்றுகள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதில் அதுவும் மசிந்தது. பதின்மூன்றை ஐம்பத்துமூன்று முடித்துவிட்டது. எத்தனை ஒன்றுகள் என்பது இரட்டைப்படையாக இருந்தால் பதினொன்று வகுத்துவிடும், அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பதினேழில் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

தன்னையும் ஒன்றையும் தவிர வேறு யாருக்கும் பிரிந்து கொடுக்காத எண்ணைப் பகா எண் என்பார்கள். பதினேழு ஒண்ணு அப்படிப்பட்டதுதானா என்பது கேள்வி. சும்மா கண்டதையெல்லாம் கொண்டு வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. ஒரு வாரம் மோட்டுவளையையே பார்த்துக் கிடந்துவிட்டு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தப் பகா எண் இதை வகுப்பதானாலும், அந்த எண்ணை முப்பத்துநாலால் வகுத்தால் ஒன்றுதான் மிஞ்சவேண்டும். மற்றதெல்லாம் கிட்டேயே வரமுடியாது. நூற்றுமூன்று, நூற்றுமுப்பத்தேழு, இருநூற்றுமுப்பத்தொன்பது, முந்நூற்றேழு, இப்படியே போகும் பட்டியல்.

நினைக்கிறது அவர் வேலை. வகுக்கிறது என் வேலை. அவருக்கு மூளை உண்டு, கை கிடையாது. பதினேழு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வருவதற்குள் வழியில் ஒன்றைத் தொலைத்துவிடுவார். எனக்கு என் அப்பா பெண்பிள்ளைக்கு வாய்ப்பாடு போதும் என்று சொல்லி, வேறு எதையும் கற்றுக்கொடுக்காமல் அதை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார். அது நன்றாக ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வாரத்துக்கான எண்களை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுவார். ஒரு நாளைக்கு எட்டு. சோறு கொதிக்கும்போது இரண்டு, குழம்பு கூட்டி வைத்தபின் இரண்டு, அவர் பள்ளிக்கூடம் போனபின் நாலு. கோரிப்பாளையத்து ராவுத்தர் கடையில் வாங்கின பெரிய சிலேட்டில் போடுவேன். மிச்சம் என்ன என்று பார்ப்பேன். வகுத்த எண், ஈவு, மிச்சம், மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுவேன். ஈரத் துணியால் அழிப்பேன். அடுத்தது. அந்த நோட்டுக்கு மிச்சப் புத்தகம் என்று பெயர்.

எட்டு வருஷம். ஏறக்குறைய இருபத்துமூவாயிரம் கணக்கு. பக்கத்து வீடுகளில் மற்றப் பெண்கள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் கூப்பிட்டால் போயிருப்பேன். கூப்பிடவில்லை. பிள்ளையில்லாதவளை வளைகாப்புக்கும் கூப்பிடமாட்டார்கள், சந்தனம் பூசவும் கூப்பிடமாட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நேரமும் இல்லை.

சரி, இனி கழகம். கீழவாசல் ஞானாபிவிருத்திக் கழகம் என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் வக்கீல் பஞ்சாபகேசன். வண்டியூர்ப் பாதையில், தெப்பக்குளத்துக்கு இந்தப் பக்கம், கழகத்தார் ஓர் ஊருணி வெட்டினார்கள். படியெல்லாம் கட்டி முடித்தபிறகு அதில் கல்வெட்டாக என்ன பொறிக்கலாம் என்று யோசனை வந்தது. மேல் சுவர் முழுக்க அங்கத்தினர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். கீழே, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஒரு கல் மட்டும் காலியாக இருந்தது. கழகத்தின் பெருமையாக ஏதாவது வேண்டும். மீனாட்சியம்மன் ஏற்கெனவே இருந்தாள், அவளைக் கழகம் கண்டுபிடித்ததாகச் சொல்லமுடியாது. அப்போதுதான் யாரோ எங்கள் வீட்டுப் பேச்சை எடுத்திருக்கிறார்கள்.

முப்பத்தேழு ஆடி மாசம். பஞ்சாபகேசனும் இன்னும் நாலுபேரும் எங்கள் முன்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என் புருஷன் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். இதுவரைக்கும் இருபது லட்சம் சொச்சம் வரை பார்த்தாயிற்று, எதுவும் வகுக்கவில்லை. பத்துக்கோடி சொச்சம் வரை பார்த்தால்தான் முடிவாகச் சொல்லமுடியும். இந்த வேகத்தில் இன்னும் நானூறு வருஷம் ஆகும். பஞ்சாபகேசன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, கழகத்தின் ஆண்டுவிழா தை மாசம் வருகிறது, அதற்குள் முடித்துவிட முடியாதா என்றார்.

நான் அடுப்படியில் அன்றைய எட்டாவது கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்துமூன்று. ஒரு பக்கம் கேசரி கிண்டிக்கொண்டே போட்டேன். கடைசி ஒன்றைக் கீழே இறக்கினேன். கழித்தேன். ஒன்றும் இல்லை.

எட்டு வருஷமாக ஒவ்வொரு கணக்கின் அடியிலும் ஏதாவது கிடக்கும். சின்னதோ பெரியதோ, ஒரு மிச்சம். அன்றைக்குச் சிலேட்டின் அடி காலியாக இருந்தது. வீட்டில் இருந்த ஓர் ஆள் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் சுழியம். ஈவு ஐந்நூற்று முப்பத்தாறு கோடியே முப்பத்திரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு. பதினேழு ஒண்ணு இரண்டாகப் பிரிந்து என் மடியில் கிடந்தது. உலகத்தில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன்.

முன்கட்டில் கல்லில் என்ன எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 'எவராலும் வகுக்கவொண்ணா எண்' என்று ஒருத்தர் சொல்ல, ஆஹா என்றார்கள். என் புருஷன் 'இதுவரை' என்று சேர்க்கச் சொன்னார். பார்க்கலாம் என்றார் பஞ்சாபகேசன்.

நீங்களே சொல்லுங்கள் ஐயா. வீட்டுக்கு ஐந்துபேர் வந்திருக்கிறார்கள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்கு அத்தனைபேர் ஒன்றாக வந்தது அன்றைக்குத்தான். அவர்களிடம் போய்ச் சுழியம் என்று சொல்லி அனுப்புவது நன்றாகவா இருக்கும். மிச்சப் புத்தகத்தில் எண்ணை எழுதினேன், ஈவை எழுதினேன், மிச்சம் ஏழு என்று எழுதினேன். ஏன் ஏழு என்றால், கைக்கு அதுதான் வந்தது. சிலேட்டைத் துடைத்துவிட்டுக் கேசரியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தை மாசம் கல்லைத் திறந்தார்கள். மேளம் உண்டு. கல்லில் 'இதுவரை' இல்லை. கல் செதுக்கின தச்சன் சங்கிலி இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டான். என் புருஷன் கூட்டம் கலைந்தபின் படியில் குனிந்து எண்ணிப் பார்த்தார். பதினாறு ஒன்றுகள்தான் இருந்தன. அதற்கும் இடம் போதவில்லை. பதினாறு ஒன்றுகளைப் பதினொன்று வகுக்கும், ஐந்தாம் வகுப்புப் பையன் சொல்லுவான். அவர் போய்ப் பஞ்சாபகேசனிடம் சொன்னார்.

"ஒண்ணுதானே சார் குறையறது," என்றார் பஞ்சாபகேசன். "யார் உக்காந்து எண்ணப்போறா."

என் புருஷன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். இனிமேல் வகுப்பதை நிறுத்திவிட வேண்டும், மேற்கொண்டு வகுத்துப் பார்ப்பது கழகத்தின் கல்லைச் சந்தேகப்படுவதாகும் என்று ஒரு கடிதமும் வந்தது. அதற்கும் சிரித்தார். அவருக்கு எல்லாமே சிரிப்புத்தான். நான் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன்.

அதற்கப்புறம்தான் பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவள் எதிர்வீட்டு நாகலக்ஷ்மி. இருபது வருஷமாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நின்றாள். மகளுக்குக் கல்யாணமாம். யாராலும் பிரிக்கமுடியாத எண் இருக்கிற வீட்டுக்காரி கையால் தாலியைத் தொட்டுக் கொடுத்தால் புருஷன் பெண்சாதி பிரியமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. "நீங்கதான் வந்து தொட்டுக் குடுக்கணும், மதினி," என்றாள். மதினி என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

போனேன். தொட்டேன். அந்தப் பிள்ளைகள் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். பிறகு தெருவே கூப்பிட்டது. அப்புறம் கீழவாசலே. பாகம் பிரிக்கச் சொல்லி முரண்டு பிடிக்கிற தம்பிமார் இருக்கிற வீட்டிலும் என்னைக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னார்கள். சந்தனம் முதலில் எனக்கு. வளைகாப்பில் முதல் வளையல் நான் போட்டேன். இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு தாலியைத் தொட்டேன். எண்ணி வைத்திருக்கிறேன். நாற்பத்தொன்று, ஐந்து ஒன்றுகளை வகுக்கிற எண், அது தற்செயல்.

அவர் முப்பத்தொன்பதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எத்தனை கஷ்டம் என்று உங்கள் வீட்டம்மாவுக்கு ஒருநாள் தெரியவரும். பொழுதுபோகாமல் மிச்சப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்பதில் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். அது என்னவென்றால், ஒரு எண்ணின் இலக்கங்களையெல்லாம் கூட்டி, மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்குவது. பதினேழு ஒன்றுகளைக் கூட்டினால் பதினேழு, அதைக் கூட்டினால் எட்டு. வகுத்த எண்ணையும் ஈவையும் அப்படியே சுருக்கிப் பெருக்கி, மிச்சத்தைச் சுருக்கிச் சேர்த்தால், அதுவும் எட்டு வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. ஒரு கணக்குக்கு அரை நிமிஷம். வெற்றிலை போட்டுக்கொண்டே செய்யலாம்.

நாற்பது மாசி மாசம், ஒரு வியாழக்கிழமை காலை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"தங்கம், இங்க வா. இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்துச் சொச்சத்துல மிச்சம் ஏழுன்னு எழுதிருக்க. ஆறு வருது. எட்டு வரல."

"கை தப்பியிருக்கும்."

"இருபத்துமூவாயிரம் கணக்குல உன் கை ஒண்ணுலகூடத் தப்பல. இதுல மட்டும் எப்பிடித் தப்பும்."

நான் கீரையை ஆய்ந்தேன். அவர் ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தார். அவர் வகுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, நடுவில் இரண்டு தரம் இலக்கத்தைத் தொலைத்தார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ பாத்துட்ட," என்றார். "அன்னைக்கே பாத்துட்ட."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும், அழுது சமாதானம் பண்ணியிருக்கலாம். அந்த மனுஷர் சந்தோஷப்பட்டார். கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. பிரியாதது என்பதைவிடப் பிரிகிறது என்பது பெரிய விஷயம், எங்கே பிரிகிறது என்று தெரிந்தால் அதைவிடப் பெரிசு என்று என்னென்னவோ சொன்னார்.

"கழுதை, இம்புட்டையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு மூணு வருசமா எனக்குச் சோறு போட்டிருக்கியே," என்றார். "ஞாயித்துக்கெழமை கழகத்துல சொல்லப்போறேன். இத மொதல்ல பாத்தது எம் பொஞ்சாதின்னு சொல்லப்போறேன். கல்லுல உம் பேரப் போடச் சொல்லுவேன்."

"வேணாங்க," என்றேன்.

"ஏன்."

நாற்பத்தொரு தாலியைச் சொன்னேன். இது வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பங்களெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர், "ஏ கிறுக்கி, அதுகள்லாம் ஒரு நம்பர்லயா ஒட்டிக்கிட்டு நிக்குது," என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு வாத்தியார் இப்படிப் பேசலாமா. அவருக்கு எண் தெரியுமே தவிர, எண்ணை நம்பி இருக்கிற மனுஷாளைத் தெரியாது.

நான் அன்று முழுக்க யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. ஒரு பக்கம் நாற்பத்தொரு குடும்பம், அதாவது எண்பத்திரண்டு பேர், பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல். இன்னொரு பக்கம் ஒருத்தர், அதுவும் ஓய்வு பெற்றவர். அதுபோக அவருடைய பேர். வகுபடாத எண்ணைக் கண்ட வாத்தியார் என்று ஊரே சொல்லுகிற பேரை அவரே தன் கையால் கெடுத்துக்கொள்ளப் போகிறார். அதைக் காப்பாற்ற அவருக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள். நான் செய்ததெல்லாம் அவர் பேருக்காகத்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எண்ணுக்காகவா என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஒரு முழம் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் அரிவாள் எடுக்கிற வழக்கு வாரத்துக்கு மூன்று உங்களிடம் வருகிறது. அவர்களிடம் ஒரு வரப்புக்காகவா என்று கேட்கிறீர்களா.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கல்லில் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. சாக்குக்கட்டி எடுத்துக்கொண்டார். நானும் வாரேன் என்றேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. வண்டியூர்ப் பாதையில் என்னோடு பேசிக்கொண்டே நடந்தார், வழக்கமாக நாலடி முன்னால்தான் நடப்பார். தண்ணீர் எடுக்கிற பெண்கள் போய்விட்டிருந்தார்கள். அந்த வருஷம் நல்ல மழை, ஊருணியில் தண்ணீர் நிறையக் கிடந்தது. அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து, முதலில் சங்கிலி விட்டுப்போன பதினேழாவது ஒன்றைச் சாக்குக்கட்டியால் போட்டார். அதன் கீழே ஒரு எண், பெருக்கல் குறி, இன்னொரு எண். அவர் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் மேலே ஏறிப்போகும். தள்ளிவைத்துப் பார்ப்பதற்காக தண்ணீருக்கு முதுகைக் காட்டி எழுந்து நின்று, ஓர் எட்டுப் பின்னால் வைத்தார்.

"சரியா இருக்கா பாரு," என்றார்.

"இருக்கு," என்றேன்.

அவர் மார்பில் ஒரு கை வைத்தேன். ஒரு கைதான். அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேனா என்பது இந்தக் கணக்கில் சேராது. ஒரு தரம் கை மேலே வந்தது. சாக்குக்கட்டி இன்னும் அதில் இருந்தது. பிறகு வரவில்லை. நான் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக் கல்லைத் துடைத்தேன். பதினேழாவது ஒன்றையும் துடைத்தேன். சுவடு தெரியாமல் துடைத்து முடித்தபிறகுதான் கத்தினேன்.

கால் வழுக்கிவிட்டது என்றார்கள். படி வழவழப்பாகத்தான் இருந்தது, அதுவும் பொய்யில்லை. கழகம் இரங்கல் கூட்டம் போட்டது. பஞ்சாபகேசன் ஒரு மணி நேரம் பேசினார். தாலி அறுத்தவளைத் தாலி தொடக் கூப்பிடமாட்டார்கள் என்பதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். அது ஒரு பிழைதான். அடுத்த முகூர்த்தத்துக்கு நாகலக்ஷ்மி எங்கள் வாசலைத் தாண்டி வேறு வீட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இருந்தாலும் பேர் நின்றது. பிரியாத எண் பிரியாமல் கல்லில் இருந்தது. அந்த மட்டுக்கும் எனக்கு நிம்மதி. வேறு ஒரே ஒரு வருத்தம்தான். அன்றைக்கு ஏழு என்று எழுதாமல் ஒன்பது என்று எழுதியிருக்கலாம். ஒன்பதில் தள்ளும்போது ஒன்பதும் சுழியமும் ஒன்றுதான். கணக்கு சரியாக எட்டு காட்டியிருக்கும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பார். இன்றைக்கும் இருந்திருப்பார்.

இதெல்லாம் முடிந்து இரண்டு வருஷம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானே வந்திருக்கிறேன். ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள், அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

போன மாசம் வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து யாரோ பேராசிரியர் கழகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பதினேழு ஒன்றுகள் இரண்டாகப் பிரியும், அதை வெள்ளைக்காரர்கள் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே கண்டு புத்தகத்தில் போட்டுவிட்டார்கள் என்று. இனிக் கழகம் என்ன செய்யும், அந்த நாற்பத்தொரு வீட்டிலும் என்ன நடக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை ஐயா. நாகலக்ஷ்மியின் மகள் இரண்டாவது பிள்ளைக்கு முழுகாமல் இருக்கிறாள். பாகம் கேட்ட தம்பிமார் எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டு, அதற்கு என்னைக் குறை சொல்லாமல் சுகமாக இருக்கிறார்கள். பஞ்சாபகேசன் சந்தோஷமாக இருக்கிறார். வகுபடாத எண்ணும் பெருமைதான், வகுபடுகிற எண்ணும் பெருமைதான் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். என் புருஷனுடைய புத்தகங்களையெல்லாம் கழகத்து வாசகசாலைக்குக் கொடுத்திருந்தேன். மிச்சப் புத்தகமும் அதில் போய்விட்டது. அதற்குள் அந்தப் பரீட்சைத் தாள் இருந்திருக்கிறது. பின்பக்கத்தில் அவர் கையால் வகுத்தது, அடியில் சுழியம், நாற்பது மாசித் தேதி. பஞ்சாபகேசன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் துணையில்லாமல் நம்ம ஊர் வாத்தியார் தனியாகக் கண்டுபிடித்ததற்கு இதோ அத்தாட்சி என்றார். புதுக் கல் வரப்போகிறது. 'இவ்வெண்ணைப் பகுத்த மேதை' என்று போட்டு, கீழே அவர் பெயர். இந்த முறை பதினேழு ஒன்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்களாம்.

நான் போய்ச் சொன்னேன். அதைக் கண்டது அவர் இல்லை, நான், அவருக்கு மூன்று வருஷம் முன்னாலேயே என்றேன். பஞ்சாபகேசன் எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மிச்சப் புத்தகத்தைத் திறந்து, என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். மிச்சம் ஏழு.

"அம்மா, நீங்க போட்ட கணக்குதான் தப்பு. அவர்தான் அதைத் திருத்தியிருக்கார்," என்றார். பரிவாகத்தான் சொன்னார்.

எட்டு வருஷத்தில் இருபத்துமூவாயிரம் கணக்குப் போட்டவளுக்கு ஒரு கணக்குத் தப்பிவிட்டது என்று ஊர் எழுதி வைக்கப்போகிறது. அந்த ஏழு தப்பு இல்லை, பொய் என்று நான் எப்படி நிரூபிப்பது. தெரிந்துதான் எழுதினேன் என்பதற்கு அவர் ஒருத்தர்தான் சாட்சி. அவரைத்தான் நான் ஊருணியில் தள்ளிவிட்டேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தெரியாத ஒன்றை மறைக்க யாரும் புருஷனைக் கொல்லமாட்டார்கள் இல்லையா. அப்படியானால் கொன்றதே அத்தாட்சி.

தூக்கோ ஆயுளோ, அது உங்கள் பாடு. நான் அவர் பேருக்காகத்தான் எல்லாம் செய்தேன், அதில் மாற்றமில்லை. குமாஸ்தா தம்பி, எழுதினதைப் படித்துக் காட்டுங்கள். இல்லை, கொலையை முதலில் எழுதியிருக்கிறீர்கள், வரிசை தப்பு. முதலில் முப்பத்தேழு ஆடி மாசம், இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்துமூன்று, மிச்சம் சுழியம், கண்டவள் தங்கப்பொண்ணு என்று எழுதுங்கள். இடம் போதாவிட்டால், ஊருணியை விட்டுவிடலாம்.